ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் போட்டால் டபுள் பவர் இல்லை, தாயி

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்தாலே எனக்கு ஒரு கலக்கம். மே லீவுக்குச் சொந்த ஊருக்குப் போன குடும்பங்கள் மதுரைக்குத் திரும்பும், பூட்டிக் கிடந்த வாடகை வீட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் பாத்ரூமைக் கழுவும், அன்று ராத்திரியே அதில் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் நுரையீரல் மருத்துவர். ஆஸ்துமா, காசநோய், பீடியில் கெட்ட நெஞ்சு என்று எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை, இது வேறா? இந்த வாரம் மட்டும் மூன்றாவது ஆள் வந்தாயிற்று. ஓ.பி. முடிந்த கையோடு எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாவது ஆள், செல்லூர்ப் பக்கம் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிற ஒரு அக்கா. அம்மா வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் சாக்கடை நாற்றம். போர் தண்ணீர் என்பதால் டைல்ஸ் முழுக்க உப்புக் கறை, மூலையில் பூஞ்சணம். ஹவுஸ் ஓனர் வேறு, "டைல்ஸை இப்படியா வச்சிருப்பீக, காலி பண்றப்ப அட்வான்ஸ்ல கழிச்சிருவேன்" என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம். தெருவில் டிவிஎஸ் எக்ஸெல்லில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் பழைய தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கியிருக்கிறார். (வாங்குகிறவர் அடையாள அட்டை காட்டாமல், விற்பவர் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். சரி, விடுங்கள்.) ஊற்றித் தேய்த்தும் கறை முழுசாகப் போகவில்லை. அந்த ஈரத்தின் மேலேயே கை கையாக அள்ளிப் பிளீச்சிங் பவுடரைப் போட்டார். ஹாலில் பிள்ளை தூங்குகிறதே, நெடி அங்கே போய்விடக் கூடாதே என்று பாத்ரூம் கதவையும் சாத்திக்கொண்டார்.

ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அவர் என்னிடம் கேட்டது: "ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் பவரு இல்லையா டாக்டரம்மா?"

இல்லை. இல்லவே இல்லை. மூன்று பேரும் இதையேதான் கேட்டார்கள், அதில் ஒருவர் கெமிஸ்ட்ரி படித்தவர். தயவுசெய்து இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். உப்புக் கறை என்பது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு படிந்தது. அதைக் கரைப்பது அமிலம். பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் கொட்டினாலும் அந்தக் கறை அசையாது. பிளீச்சிங் பவுடரின் வேலை வேறு, பூஞ்சணத்தையும் கிருமியையும் கொல்வது. கொத்தனாரும் தச்சரும் ஒரே பலகையை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் வீடு சீக்கிரம் முடியுமா? இரண்டையும் கலந்தால் ஆசிட் கறையை விட்டுவிட்டுப் பிளீச்சிங் பவுடரோடு மல்லுக்கு நிற்கும். தரையில் இருந்து கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் வாயுவாகக் கிளம்பி உங்கள் மூக்குக்குள் போகும். காசு கொடுத்து வாங்கிய இரண்டும் வீண், மிச்சம் விஷக்காற்று. 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிப் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே குளோரின்தான். அங்கே திறந்த வெளியாவது இருந்தது. நம் வாடகை வீட்டுப் பாத்ரூம் நாலுக்கு ஆறு, வென்டிலேட்டரில் பழைய நியூஸ்பேப்பர் அடைத்திருக்கும்.

"நெடி ஏறினால்தான் சுத்தம்" என்பது இதன் தங்கச்சி. நெடி ஏறுகிறது என்றால் உங்கள் நெஞ்சு வேகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அப்புறம், "நான் ஆசிட்டே தொடுறதில்லை, டாய்லெட் கிளீனர்தான்" என்பவர்களுக்கு: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அவற்றில் பலவற்றில் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான். இயற்கை என்ற பெயரைக் கேட்டால் குளோரின் சும்மா இருந்துவிடாது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் வருவது இன்னொரு விஷவாயு.

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையை ஒட்டித் தேங்கும். குத்துக்காலிட்டுத் தேய்ப்பவருக்கும் தவழ்ந்து வரும் பிள்ளைக்கும்தான் முதல் அடி. என்னிடம் வந்த மூவருமே பெண்கள். வீட்டு ஆண்கள் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகிறார்களோ தெரியவில்லை.

இனிக் கேளுங்கள். ஆசிட் போட்டே ஆக வேண்டும் என்றால் வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை போடுங்கள். கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் எல்லாம் திறந்திருக்கட்டும். தேய்த்த பிறகு வாளி வாளியாக ஊற்றிக் கழுவுங்கள், ஏனென்றால் மேலே தெரியாவிட்டாலும் நானி டிராப்புக்குள் (தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே, சாக்கடைக் காற்று மேலே வராமல் தண்ணீர் நிற்கும் கிண்ணம்) ஆசிட் நிற்கும். பிளீச்சிங் பவுடர் மறுநாள். ஆஸ்துமா இருப்பவர் இந்த இரண்டு வேலைக்குமே போக வேண்டாம்.

தப்பித் தவறிக் கலந்துவிட்டால், கழுவிவிட்டுப் போகலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள், வெளியே ஓடுங்கள். ஈரத் துண்டும் துணி மாஸ்க்கும் குளோரினைத் தடுக்காது. கண் எரிந்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பால் குடித்தால் சரியாகும் என்று ஓனர் வீட்டம்மா சொல்வார், பால் வயிற்றுக்குப் போகிறது, வாயு போனது நுரையீரலுக்கு. மூச்சுத் திணறினால் 108. இருமல் அடங்கிவிட்டது என்று படுத்துத் தூங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கும். இந்த அக்கா மத்தியானம் கழுவிவிட்டு, சாயங்காலம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து, ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்தார்.

இன்னொன்றையும் சொன்னால் சிரிப்பீர்கள். அத்தனை கூத்துக்கும் காரணமான அந்த நாற்றம் அழுக்கால் வந்ததே இல்லை. மூன்று வாரம் ஆள் இல்லாததால் நானி டிராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடைக் காற்று நேராக மேலே ஏறியிருக்கிறது. ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். வேண்டுமானால் அந்த நேரத்தில் தண்ணீர் டிரம்மின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள், டெங்குக் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

மூன்றாம் நாள் அந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பினேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "மிச்ச ஆசிட்டு அரை பாட்டில் கெடக்கு டாக்டரம்மா, என்ன செய்ய?" என்றார். முதலில் அது தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது, யாராவது எடுத்துக் குடிக்கிற முன்னால் மேலே பெரிதாக ஆசிட் என்று எழுதி ஒட்டி, பிள்ளை கைக்கு எட்டாமல் தூக்கி வையுங்கள் என்றேன். பிளீச்சிங் டப்பா இருக்கும் அலமாரியில் மட்டும் வேண்டாம்.