பாதியில் நிற்கும் வேலைகள் தலைக்குள் என்ன செய்கின்றன?

இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது: மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்ன கணக்கு விவரத்தை அனுப்பவே இல்லை. ஐந்து மணிக்குக் கணினி முன்னால்தானே உட்கார்ந்திருந்தோம், அப்போது எங்கே போயிருந்தது இந்த ஞாபகம்? அது அழிந்து போகவில்லை. இரவில் வந்து நிற்பதே அதற்குச் சாட்சி. வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் செய்ய வேண்டிய ஒன்றை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறனை உளவியலில் வருங்கால நினைவு என்கிறார்கள். நேற்று கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று ஒருவர் கேட்டால் நாம் தேடிப் பதில் சொல்கிறோம். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். உளவியலாளர்கள் கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் 1990-இல் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ‘அவரைப் பார்த்ததும் கையெழுத்து வாங்க வேண்டும்’ என்பதில் அவர் முகமே நினைவூட்டிவிடும். ‘மூன்று மணிக்குப் போன் செய்ய வேண்டும்’ என்பதில் எந்தக் குறியும் கண்ணில் படாது. அதனால்தான் இந்த இரண்டாவது வகை பொதுவாக அதிகம் தவறிப்போகிறது.

எல்லாவற்றையும் எப்போதும் மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் என்ன? இடம் போதாது. ஒரே சமயத்தில் மனதில் ஏந்தக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது பரவலாகத் தெரிந்த கணக்கு. 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய நான்காகக் குறைத்தார். பதினைந்து வேலை கையில் இருப்பவரின் கண்ணுக்குப் பதினொன்று தெரியாது.

தெரியாதவை சும்மா கிடந்தால் பரவாயில்லை. அவை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவி புளூமா ஸைகார்னிக், ஆட்களுக்குப் புதிர், களிமண் உருவம் என்று சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, அவற்றில் பாதியை நடுவிலேயே நிறுத்தினார். முடிந்தவற்றைவிட நின்றுபோனவையே அதிகம் நினைவில் இருந்ததாக 1927-இல் எழுதினார். இது பிரபலமான முடிவுதான் என்றாலும், பிறகு செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. அதே குழுவில் இருந்த மரியா ஒவ்சியான்கினா 1928-இல் கண்டது அதைவிட உறுதியாக நிற்கிறது. நடுவில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, விட்ட வேலைக்குத் திரும்பினார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, என் மேசையில் பாதியில் கிடக்கும் கோப்புகளை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இந்த இழுப்பை நிறுத்த வேலையை முடித்தாக வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் நல்ல சேதி. மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத முக்கியமான வேலைகளை நினைத்துக்கொண்டவர்களின் கவனம், ஒரு நாவல் பகுதியைப் படிக்கும்போது அடிக்கடி அந்த வேலைகளின் பக்கம் ஓடியது. அந்த வேலைகளை எப்படி முடிக்கப் போகிறோம் என்று திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலை ஒரு அடிகூட நகரவில்லை, ஆனாலும் மனம் பிடியைத் தளர்த்திவிட்டது.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். பட்டியல் போடுகிற எல்லோருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை, காரணம் பட்டியலில் இருப்பவை வெறும் பெயர்கள். ‘இணையதளம்’ என்று ஒரு வரி இருக்கிறது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்வது என்று மறுபடி யோசிக்க வேண்டும். யோசிக்கச் சோம்பல்பட்டுக் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய் காலை வந்து உட்கார்ந்ததும், வடிவமைப்பாளருக்குப் போன் செய்து முகப்புப் படங்கள் என்றைக்கு வரும் என்று கேட்க வேண்டும்.’ இதில் யோசிக்க மிச்சம் எதுவும் இல்லை. ‘வந்து உட்கார்ந்ததும்’ என்ற சொல் ஒரு குறியாகிவிடுகிறது. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் இதைச் சோதித்தார்கள். விடுமுறையில் இரண்டு நாளுக்குள் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே தீர்மானித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் போலச் செய்தார்கள். மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

நடுவில் யாராவது கூப்பிட்டால்? சோஃபி லெராய் 2009-இல் காட்டியபடி, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடும். எழுந்து போகும் முன் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: ‘மூன்றாம் பத்தி வரை சரிபார்த்தாயிற்று, அடுத்து அட்டவணை எண்கள்.’

சரி, எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் எதுவும் முடிய மாட்டேன் என்கிறதே என்றால், காரணம் நினைவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. தலா ஐந்து நாள் பிடிக்கும் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை முடித்து அடுத்தது என்று செய்தால் 5, 10, 15-ஆம் நாட்களில் முடியும். நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் 13, 14, 15-ஆம் நாட்களில் முடியும். உழைப்பு அதே பதினைந்து நாள்தான். மாறும்போது வீணாகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூட இல்லை. ஆனாலும் முதல் வேலைக்காகக் காத்திருப்பவருக்கு எட்டு நாள் கூடுதல்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அதை 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தார். கையில் திறந்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் கிடக்கும் என்று தெரிந்துவிடும். நீண்ட கால சராசரிக்கு இது எந்த வரிசைக்கும் பொருந்தும். பன்னிரண்டு திறந்திருந்து, வாரம் மூன்று முடித்தால், ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம். அதே வேகத்தில் முடித்துக்கொண்டு, ஆறை மட்டும் திறந்து வைத்தால் இரண்டு வாரம்.

மீதி ஆறு எங்கே போகும்? தொடங்காமல் வெளியே ‘காத்திருப்பவை’ என்று தனிப் பட்டியலில் நிற்கும். கேட்டவருக்கு மொத்தத்தில் ஆகும் காலம் இதனால் மாயமாகக் குறைந்துவிடாது, உண்மைதான். ஆனால் அவை இன்னும் பாதியில் நிற்கும் வேலைகள் ஆகவில்லை, அதனால் மனதை இழுப்பதும் குறைவு. எது முதலில் என்று கேட்டவர்களோடு பேசி வரிசையை மாற்றவும் இன்னும் நேரம் இருக்கிறது. மேலாளர் ஏழாவதைக் கொண்டுவரும்போது நான் இப்போது மறுப்பதில்லை. கையில் இருக்கும் ஆறையும் அவர் முன்னால் வைத்து, எதை வெளியே எடுத்து வைக்கலாம் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவரே ஒன்றைத் தொட்டுக் காட்டிவிடுகிறார்.