உணரி: சொல் விளக்கம்

சென்சார் என்பதற்குத் தமிழ்ச் சொல் உணரி. மூடுவது மூடி, பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி; அதே வழியில் 'உணர்' என்ற வினையோடு 'இ' விகுதி சேர்ந்து உணரி. மூலச் சொல்லுக்கும் இதே பொருள்தான். இலத்தீனில் 'சென்டிரே' என்றால் உணர்தல். திரைப்படச் சென்சார் வேறு. அது மதிப்பிடுதல் என்று பொருள்படும் 'சென்சேரே'விலிருந்து வந்தது; தமிழில் தணிக்கை. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுவதால், உணரி என்று எழுதினால் குழப்பமே இல்லை.

உணர்வி, உணர்கருவி என்றும் சிலர் எழுதுகிறார்கள். உணர்வி சரி. உணர்கருவி எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் உணரி கருவியின் ஓர் உறுப்பு மட்டுமே. கடலியலாளர்கள் கப்பலிலிருந்து கம்பிவடத்தில் இறக்கும் சிடிடியைப் பாருங்கள். அது கடல்நீரின் தன்மைகளை ஆழத்துக்கு ஆழம் அளக்கும் ஒரு கருவி. அதில் மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உணரிகள். அழுத்தத்திலிருந்து ஆழமும், மூன்றையும் சேர்த்து உப்புத்தன்மையும் கணக்கிடப்படுகின்றன. உப்பை நேரடியாக உணரும் உறுப்பு அதில் இல்லை.

இன்னொன்று: உணரி உணரத்தான் செய்யும், எண்ணைச் சொல்லாது. நீர் சூடானால் வெப்பநிலை உணரியான தெர்மிஸ்டரின் மின்தடை குறையும். அழுத்தம் ஏறினால் அழுத்த உணரியிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் மாறும். அவற்றை வெப்பநிலைப் பாகையாகவும் டெசிபார் என்ற அழுத்த அலகாகவும் மாற்றுபவை ஆய்வகத்தில் அந்த ஒரே உணரிக்கென்று கண்டறிந்த கெழுக்கள், அதாவது கணக்கீட்டுக்கான எண்கள். ஒரே மாதிரியில் செய்த இரண்டு உணரிகளுக்குக்கூட அவை ஒன்றாக இருக்காது. ஆகவே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை பாதிதான் முடிந்தது. கணக்கிடும் மென்பொருளின் அமைவுக் கோப்பில் உணரியின் வரிசை எண்ணையும் கெழுக்களையும் மாற்ற வேண்டும். மறந்தால் கருவி ஒழுங்காகத்தான் ஓடும், வரைபடமும் அழகாக வரும், எண்கள் மட்டும் தவறாக இருக்கும். 'சென்சார் மாத்தியாச்சு' என்று ஒரு வரியில் குறிப்பெழுதும் வழக்கம் இந்த இடத்தில்தான் ஆபத்து.

பராமரிப்பில் அதிகக் கவனம் கேட்பது மின்கடத்துதிறன் உணரி. பல சிடிடிகளில் அது மெல்லிய கண்ணாடிக் குழாய். உள்ளே பிளாட்டினம் மின்முனைகள், அவற்றின்மேல் பிளாட்டினத்தாலேயே ஆன நுண்ணிய கரும்பூச்சு. குழாயின் உள்ளே அழுக்கோ பாசியோ படிந்தால் கடத்துதிறன் குறைவாகத் தெரியும், உப்புத்தன்மையும் அசலைவிடக் குறைந்து வரும். அதற்காகத் தூரிகையை உள்ளே விட்டுத் தேய்க்கக் கூடாது, அந்தப் பூச்சு போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் தூய நீரை ஓடவிட்டு அலசுவதும், தேவைப்பட்டால் பரிந்துரைத்த மென்மையான சோப்புக் கரைசலை விடுவதும்தான் முறை. உறைகுளிரில் குழாய்க்குள் நீரைத் தேங்க விடக் கூடாது; பனிக்கட்டியாகி விரிந்தால் கண்ணாடி உடையும்.

இவ்வளவு பார்த்தும் உணரி காலப்போக்கில் மெல்ல விலகத்தான் செய்யும். இதை 'டிரிஃப்ட்' என்பார்கள். தமிழில் அளவு விலகல் எனலாம். அதைச் சரிபார்த்துப் புதிய கெழுக்கள் காண்பது அளவுத்திருத்தம். அளவுத்திருத்தம் செய்த நாளை உணரியின் வரிசை எண்ணோடு சேர்த்தே எழுதிவையுங்கள், கருவியின் எண்ணோடு அல்ல. உணரி நாளை வேறொரு கருவிக்கு மாறிப்போகலாம்.