பக்கத்து ஓட்டை

2021 ஜூன் 18. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 787 ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குச் சரக்கு மட்டும் கொண்டுபோக வேண்டிய விமானம். பயணிகள் யாரும் இல்லை. சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே முன்சக்கரம் மடங்கி உள்ளே போக, மூக்கு தரையில் வந்து இடித்தது. ஓடவில்லை, பறக்கவில்லை, சும்மா நின்ற விமானம்.

விசாரணையில் தெரிந்தது இதுதான்: முன்சக்கரத்தைப் பூட்டும் லாக் பின், அதற்குரிய ஓட்டையில் இல்லாமல் பக்கத்து ஓட்டையில் இருந்தது.

அந்த ஓட்டைகளைப் பார்க்கும் முன், சக்கரத்தின் கால் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பவனின் முட்டிக்குப் பின்னால் தட்டி விளையாடியிருப்பீர்கள். கால் நேராக இருக்கும்வரை எடை முழுவதும் எலும்பில் இறங்குகிறது. முட்டி கொஞ்சம் மடங்கினால் போதும், ஆள் சரிந்துவிடுவான். விமானத்திலும் ஏறக்குறைய அதே கதை. சக்கரம் மாட்டிய தூண் மடங்காமலிருக்க, சாய்வாக ஒரு தாங்குகட்டை முட்டுக்கொடுக்கிறது. சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டுமே, அதனால் அந்தக் கட்டையின் நடுவிலும் ஒரு முட்டி உண்டு. அந்த முட்டி மடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு சிறிய இணைப்புக் கட்டைகள் இருக்கின்றன. சக்கரம் இறங்கியதும் அவை நேர்கோட்டுக்கு வந்து, அதையும் ஒரு துளி தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு துளிதான் பூட்டு. இனி மேலிருந்து எவ்வளவு எடை அழுத்தினாலும் பிடி இறுகுமே தவிர விலகாது. மடக்க வேண்டுமென்றால் ஹைட்ராலிக் விசைதான், அதாவது குழாயில் அழுத்தத்தோடு வரும் எண்ணெயின் விசைதான், அந்த இரண்டு கட்டைகளும் சேரும் மூட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

தரையில் வேலை பார்க்கும்போது அந்த விசை தவறிப்போய் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் லாக் பின். சிவப்பு நாடா தொங்கும் ஒரு சின்னக் கம்பி, அவ்வளவுதான். அதைச் செருகிவிட்டால் மூட்டு அசையாது.

அன்று ஹீத்ரோவில், சக்கர அமைப்பு பற்றிய ஒரு கோளாறுச் செய்தியை நீக்குவதற்காக, காக்பிட்டில் உள்ள சக்கர லீவரை மேலே தூக்கிப் பிறகு இறக்க வேண்டியிருந்தது. பின்கள் மாட்டியிருந்தால் இதில் ஆபத்து ஒன்றுமில்லை. கையேட்டில் உள்ள முறைதான். மூத்த மெக்கானிக்குக் கை எட்டவில்லை. அவர் கீழேயிருந்து இடத்தைக் காட்ட, இன்னொருவர் செருகினார். பூட்டு ஓட்டைக்கு வெகு அருகில் இன்னொரு துளை: மூட்டின் அச்சே உள்ளீடற்ற குழாயாக இருந்தது. பின் அதற்குள்ளும் பாந்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கதவின் கீலுக்குள் ஒரு ஆணியைச் செருகிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டதாக நினைப்பது மாதிரி. லீவர் மேலே போனதும் கீல் தன் வேலையைச் செய்தது. பின்னால் உள்ள பிரதான சக்கரங்களின் பின்கள் சரியான இடத்தில் இருந்ததால் அவை அசையவில்லை; மூக்கு மட்டும் விழுந்தது.

பின்னைச் செருகியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தலைக்கு மேலே, அருகருகே இரண்டு துளை, இரண்டிலும் அதே பின் நுழைகிறது. இப்படி ஒரு தவறு நடக்கும் என்பது முன்பே தெரியும். அச்சின் துளையை அடைக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவு போட்டு, அது 2020 ஜனவரியில் அமலுக்கும் வந்திருந்தது. செய்து முடிக்க 36 மாத அவகாசம். இந்த விமானத்தின் முறை இன்னும் வரவில்லை.

இதே பின், இருக்கக் கூடாத நேரத்தில் இருந்தாலும் வம்புதான். 2017 ஜூலையில் கொல்கத்தாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஏர் இந்தியா ஏ320 ஒன்றில் பின்களைக் கழற்ற மறந்துவிட்டார்கள். சக்கரம் உள்ளே போகவே இல்லை. தொங்கும் சக்கரத்தோடு காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் எரிபொருள் என்னவாகும்? பாதி வழியில் நாக்பூரில் இறங்க வேண்டியதாயிற்று.

அப்புறம், வார்சா. 2011 நவம்பர் 1. நியூயார்க் பக்கத்து நெவார்க்கிலிருந்து 231 பேரோடு கிளம்பிய போலந்தின் லாட் நிறுவன போயிங் 767-ல், ஏறிய சற்று நேரத்திலேயே ஒரு ஹைட்ராலிக் குழாய் போய், சக்கரத்தை இயக்கும் எண்ணெய் மொத்தமும் வடிந்துவிட்டது. இங்கேயும் ஒரு முன்கதை உண்டு: சக்கர அமைப்பு சம்பந்தமாகத் தயாரிப்பாளர் பரிந்துரைத்திருந்த ஒரு மாற்றத்தை நிறுவனம் இன்னும் செய்திருக்கவில்லை.

ஆனாலும் பதற வேண்டியதில்லை, மாற்று வழி இருந்தது. சக்கரங்களை மேலே பிடித்துவைத்திருக்கும் கொக்கிகளை ஒரு மின்மோட்டார் விடுவித்தால் போதும், சக்கரங்கள் தம் எடையிலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து வார்சாவில் அந்தச் சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தார்கள்; விமானப்படையின் எஃப்-16 விமானங்கள் பக்கத்தில் வந்து பார்த்து, சக்கரம் வெளியே வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயின. கடைசியில் கேப்டன் டடேயுஷ் வ்ரோனா வயிற்றாலேயே ஓடுபாதையில் இறக்கினார். தீப்பொறி பறந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

காக்பிட்டில், துணை விமானியின் பக்கம், தரையை ஒட்டிய பலகையில் சி829 என்றொரு சர்க்யூட் பிரேக்கர் ட்ரிப் ஆன நிலையில் கிடந்தது. வீட்டு ஃப்யூஸ் பெட்டியில் இருப்பதுபோல ஒன்றுதான். மாற்று வழி மோட்டாருக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கால் பட்டாலும் பை இடித்தாலும் தடுக்க அதற்கு மறைப்பு கிடையாது. இருக்கையில் உட்கார்ந்தபடி கண்ணில் படுகிற இடமும் அல்ல.

விமானத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அந்தப் பிரேக்கரை விரலால் அழுத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டார்கள். சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டன.