பூஞ்சையைப் பிடிக்கும் இறால் ஓடு

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஒரே கூடையில் இருந்த சாத்துக்குடிகளில் ஒன்றில் மட்டும் பச்சைப் பூஞ்சை பூத்திருக்கிறது. பக்கத்துப் பழம் நன்றாகவே இருக்கிறது. ஏன்?"

காயம்தான் காரணம். பெனிசிலியம் டிஜிடேட்டம் என்ற அந்தப் பூஞ்சையால் காயமில்லாத தோலைத் துளைக்க முடியாது. பறிக்கும்போது பட்ட நகக்கீறலோ, இன்னொரு பழத்தின் காம்பு குத்திய ஓட்டையோ வேண்டும். அங்கே கசியும் சாற்றில் வித்து முளைக்கும். முதலில் அந்த இடம் நீர்கோத்து மெத்தென்று அமுங்கும். அப்புறம் வெள்ளைப் படலம், அதன் நடுவில் ஆலிவ் நிறப் பச்சை மாவு. அந்த மாவு முழுக்க வித்துதான்.

பழங்களைத் தரம்பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடங்களில் இதற்கு இமாசலில் என்ற மருந்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் ஒரே ஒரு நொதியை அது முடக்கும். குறி ஒன்றே ஒன்று என்பதால் தப்பிக்க வழியும் சுலபம். எதிர்ப்புத் திறன் பெற்ற ஒரு வகையில், அந்த நொதியின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் 126 எழுத்து நீள டிஎன்ஏ துண்டு ஐந்து முறை அடுத்தடுத்து இருந்ததை 2000-இல் கண்டறிந்தார்கள். விளைவு, நொதி ஏராளமாக உற்பத்தியாகிறது, மருந்து போதவில்லை.

இதற்கு மாற்றாகப் பழத்தின் மேல் பூசிப் பார்க்கும் கைட்டோசான் வேலை செய்யும் விதமே வேறு. இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்தால் கிடைக்கும் பாலிமர், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறு, இது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அமீன் (நைட்ரஜன் உள்ள சிறு தொகுதி) தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிஎச் (புளிப்பு கூடினால் குறையும் அளவு) 6.5-க்குக் கீழே போகப்போக அந்த அமீன்கள் புரோட்டானைப் பிடித்து நேர்மின்னூட்டம் பெறும். பூஞ்சையின் சவ்வில் எதிர்மின்னூட்டம். ஒற்றைக் கண்ணி ஒட்டினால் உடனே கழன்றுவிடும். நூற்றுக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலியோ, வேட்டியில் ஏறிய நாயுருவிக் கதிர் போல, ஓரிடம் விட்டாலும் மற்ற இடங்களில் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் சவ்வு குலைந்து, பொட்டாசியம் முதலானவை வெளியே கசிகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பழத்தோலின் வெள்ளைப் பகுதி ஏற்கெனவே புளிப்புப் பக்கம்தான். பூஞ்சை தன் நொதிகளுக்கு வசதியாக சிட்ரிக், குளூக்கோனிக் அமிலங்களைச் சுரந்து அதை இன்னும் புளிக்க வைக்கிறது. பழத்தைக் கரைக்க அது சுரக்கும் அமிலமே கைட்டோசானின் மின்னூட்டத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது! தப்பிக்க வேண்டுமானால் ஒரு மரபணுவைப் பெருக்கினால் போதாது. சவ்வின் அமைப்பையே மாற்றியாக வேண்டும். அது அவ்வளவு எளிதல்ல.

ஆனாலும் கைட்டோசான் தனியாக இமாசலிலுக்கு ஈடாவதில்லை. காயத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்ட பூஞ்சையை மேற்பூச்சு எட்டாது. பூச்சு தடித்தால் பழம் மூச்சுவிட முடியாமல் சாராய வாடை அடிக்கும். சரியான தடிமனை ஆய்வகத் தட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஓடும் தரம்பிரிப்பு வரிசையில், டன் கணக்கில் பழத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இறால் ஓடு மலையாகக் குவியும் கடற்கரையும் நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்களும் ஒரே நாட்டில் இருக்கின்றன. அந்தச் சோதனைக்குப் பணம் ஒதுக்காமல் இன்னொரு ஆய்வகக் கட்டுரைக்கு ஒதுக்குவது சரியில்லை என்பது என் கருத்து.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பயப்படலாம். ஒவ்வாமையைத் தூண்டுவது ஓட்டோடு வரும் புரதம். சுத்திகரிப்பில் அதை நீக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையின் செல்சுவரிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள்.