நான்கு நாள் முன்னதாகவே முடிந்த போர்

செய்தியை எழுதுபவர் ஒருவர், அதற்குத் தலைப்பு வைப்பவர் பெரும்பாலும் இன்னொருவர். நான் அந்த இரண்டாவது ஆள். செய்தியாளர் அனுப்பியதைப் படித்து, இத்தனை காலம் (பத்தி) அகலம், இத்தனை எழுத்து என்ற கணக்குக்குள் அதை அடக்குவதுதான் அன்றாட வேலை. அதனாலேயே பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது தலைப்புகளில் கண் நின்றுவிடும். சிலவற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

1918 நவம்பர் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் முடிந்துவிட்டதாக யுனைடெட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்கு பிரான்சிலிருந்து தந்தி வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. நியூயார்க்கில் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் ஆடினார்கள். மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. போர்முனையிலோ இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான போர்நிறுத்தம் 11-ஆம் தேதிதான் வந்தது. ஜனங்களும் சளைக்கவில்லை, அன்றைக்கு இன்னொரு முறை கொண்டாடினார்கள்! தந்தியை அனுப்பியவர் அந்த நிறுவனத்தின் தலைவர் ராய் ஹோவர்ட். அவருக்கு விஷயத்தைச் சொன்னவர் ஓர் அமெரிக்கக் கடற்படை அட்மிரல். அட்மிரலே சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

1948 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் பத்திரிகைக்கு நடந்தது வேறு. அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், முதல் பதிப்பை வழக்கத்தைவிட மணிக்கணக்கில் முன்னதாக முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கை முடியவில்லை. கணிப்புகள் எல்லாம் அதிபர் ட்ரூமனை எதிர்த்து நின்ற டூயி பக்கம். சரி என்று ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’ என்று போட்டுவிட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பத்திரிகையையே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அவர் சிரிக்கும் புகைப்படம் இன்றும் ஒவ்வொரு தேர்தலின்போதும் சுற்றி வருகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1947. அந்த ஜூன் 24-ஆம் தேதி கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது விசித்திரமான பொருள்கள் பறந்ததாகச் சொன்னார். தண்ணீர்மேல் தட்டை வீசினால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ அப்படிப் போயின என்று அவற்றின் ஓட்டத்தைத்தான் விவரித்தார். தலைப்பில் அது ‘பறக்கும் தட்டு’ ஆகிவிட்டது. அப்புறம் வானத்தில் எதைப் பார்த்தவர்களுக்கும் அது தட்டாகவே தெரிந்தது. இரண்டே வாரத்தில், ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் ரோஸ்வெல் ஊரில் வெளியான ரோஸ்வெல் டெய்லி ரெக்கார்ட் இதழ் ராணுவம் பறக்கும் தட்டைக் கைப்பற்றியதாக முதல் பக்கத்தில் போட்டது. அது வானிலை பலூன் என்று ராணுவம் உடனே மறுத்தது. 1994-ல் விமானப்படை விரிவான அறிக்கையே வெளியிட்டு, அது ரகசியக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றின் பலூன் என்றது. என்ன பயன்? ரோஸ்வெல்லில் இன்று வேற்றுக்கிரகவாசிகளுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. மறுப்பு எத்தனை முறை வந்தாலும் மனதில் தங்குவது முதல் தலைப்புதான். திருத்தம் அதே வேகத்தில் ஓடாது.

சிரிக்கவே முடியாத தலைப்புகளும் உண்டு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது ‘அனைவரும் பத்திரம்’ என்று அச்சிட்ட பத்திரிகைகள் இருந்தன. இறந்தவர்கள் 1,500 பேருக்கு மேல். அந்தத் தலைப்பைப் படித்து நிம்மதியாகத் தூங்கப் போன குடும்பங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

என் கையாலும் ஒரு தப்பு நடந்தது. ஒரு மோசடி வழக்கில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பியிருந்தார்கள். செய்தியாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்தது இரண்டு காலம் இடம். ‘விசாரணைக்கு அழைப்பு’ என்றால் வரி உடைகிறது; ‘கைது’ என்றால் இரண்டே எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது. மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது, பக்கத்தை அனுப்பிவிட்டேன். காலையில் அவருடைய மகள் போன் செய்தார். சத்தம் போடவில்லை. “அப்பா வீட்டுல பேப்பர் படிச்சிட்டிருக்கார் சார். வாசல்ல சொந்தக்காரங்க வந்து நிக்கிறாங்க” என்றார். மறுநாள் உள்பக்கத்தின் ஓரத்தில் ஆறு வரியில் வருத்தம் தெரிவித்தோம். அந்த மகள் மறுபடி கூப்பிட்டு, “இது யார் கண்ணுல படும் சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது ‘கைது’ என்று வந்தால், செய்தியாளரைப் போனில் பிடித்து ஒரு முறை கேட்காமல் பக்கத்தை விடுவதில்லை. வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தலைப்பை மட்டும் படம் பிடித்து யாராவது அனுப்பினால், உள்ளே இருக்கும் செய்தியைத் தேடிப் படித்துவிட்டு மற்றவருக்கு அனுப்புங்கள். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ போன்ற சொற்கள் செய்தியில் இருந்து தலைப்பில் இல்லாமல் போயிருந்தால், எங்கள் மேசையில் இடத்துக்காக வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். உங்களைப் பற்றியே தவறாக வந்துவிட்டதா? போனில் சண்டை போட்டு ஓயாதீர்கள். ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தவறு வந்த அதே பக்கத்தில், அதே அளவு தலைப்போடு திருத்தம் வேண்டும் என்று கேளுங்கள்.