போரில் மகனை இழந்த குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியவை

பண்ருட்டிப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ ஒரு ராணுவ வீரரின் உடல் ஊருக்கு வந்தால் கலெக்டர், எஸ்.பி., தாசில்தார் என்று எல்லோரும் வந்து மாலை வைப்பார்கள். கருமாதி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் துணை வேண்டியது அதற்கு அப்புறம்தான். ஏனென்றால் பணமும் பென்ஷனும் தானாக வந்து சேர்வதில்லை, காகிதங்கள் சரியாக இருந்தால்தான் வரும்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, இறப்பு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பது. போர், எல்லை மோதல், தீவிரவாதிகளுடன் சண்டை என்றால் ‘பேட்டில் கேஷுவல்டி’. பணியின்போது நடந்த விபத்து போன்றவை ‘பிசிக்கல் கேஷுவல்டி’. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் வகையில் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் குடும்ப பென்ஷனாக வரும். இரண்டாவதில், பணியால் நேர்ந்த இறப்பு என்று ஏற்றுக்கொண்டால் 60 சதவீதம். பணிக்குத் தொடர்பில்லாத இறப்பு என்று எழுதிவிட்டால் சாதாரண பென்ஷன், அதாவது 30 சதவீதம். முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் அது கூடுதலாக வரும். வகை தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம், செய்யவும் வேண்டும்.

மத்திய அரசின் கருணைத் தொகையும் இதை ஒட்டித்தான். 2016 முதல் போரில் எதிரியின் தாக்குதலில் இறந்தால் 45 லட்சம், எல்லை மோதலில் 35 லட்சம், பணி விபத்தில் 25 லட்சம். மாநில அரசு தனியாகத் தரும் தொகையை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்துவதாக 2023-24 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க்காரருக்குக் கடலூர்தான் பக்கத்து ஊர் என்றாலும், அவர் புதுச்சேரி அரசிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அக்னிவீரர், அதாவது நான்கு ஆண்டு பணிக்கு மட்டும் சேர்ந்தவர் என்றால் கணக்கு வேறு. 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, நான்கு ஆண்டில் மீதமிருக்கும் காலத்துக்கான சம்பளம் எல்லாம் உண்டு. மாதாமாதம் வரும் பென்ஷன் மட்டும் கிடையாது. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டில் இறந்த இரண்டு பேரின் அம்மாக்களில் ஒருவருக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன், இன்னொருவருக்கு இல்லை. இது நியாயமே இல்லை, மாற வேண்டும். வழக்கமான வீரருக்குக் கிடைப்பதே இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவும் பரிந்துரைத்திருக்கிறது.

பல வீடுகளில் மனக்கசப்பு வரும் இடம் ஒன்று உண்டு. பென்ஷன் விதிப்படி மனைவிக்குப் போகும். காப்பீட்டுப் பணம் வீரர் எழுதிக்கொடுத்த நாமினிக்குப் போகும். லீவில் வந்து கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திரும்பிய பையன், கல்யாணத்தை யூனிட்டில் பதிய மறந்திருந்தால் மனைவியின் பெயரே ஆவணத்தில் இருக்காது. கல்யாணம் ஆகாதவர் என்றால் பென்ஷன் பெற்றோருக்கு. அங்கேயும் சிக்கல் வரும். பட்டாளத்து ஆவணத்தில் அம்மா பெயர் தனலட்சுமி, ஆதாரில் தனம், ரேஷன் கார்டில் தனலக்ஷ்மி அம்மாள் என்று இருந்தால் ஃபைல் நகராது. பையன் உயிரோடு, லீவில் வீட்டில் இருக்கும்போதே இதையெல்லாம் சரிபார்த்துவிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

மறுமணம் செய்தால் பென்ஷன் போய்விடும் என்று பயந்து இளம் பெண்கள் ஒடுங்கிப்போவதைப் பார்க்கிறோம். போரிலோ பணியாலோ நேர்ந்த இறப்பு என்றால், குழந்தைகளைத் தொடர்ந்து வளர்த்துவந்தால் மறுமணத்துக்குப் பிறகும் பென்ஷன் தொடரும். பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்கு இருந்த மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை 2018-ல் நீக்கிவிட்டார்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விண்ணப்பங்களுக்குக் கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வழியாக வருகிறது. ஆண்டுதோறும் ஆயுள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் நின்றுவிடும்.

பெயர் நிலைக்க வேண்டும் என்பதும் குடும்பத்தின் உரிமைதான். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக இறந்தவர்களுக்குப் புதுச்சேரி கடற்கரையில் 1938 முதல் நினைவுச்சின்னம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் போரிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்களின் பெயர்களை டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அங்கே இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பள்ளிக்கோ தெருவுக்கோ அவன் பெயர் வைக்கக் கேட்பதென்றால், ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லி, நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.