தொகுப்பு டீசல்: சொல்லும் பொருளும்

நிலக்கரி, எரிவாயு போன்றவற்றிலிருந்து ஆலையில் உருவாக்கும் ‘சிந்தெடிக் டீசல்’ என்பதைப் பலரும் ‘செயற்கை டீசல்’ என்றே எழுதுகிறார்கள். செயற்கை இழை, செயற்கை வைரம் என்று பழகியதால் அது கைக்கு எளிதாக வருகிறது. எனக்கு உடன்பாடில்லை. ‘செயற்கை’ என்றதும் அசலைவிட ஒரு படி மட்டம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். இந்த எண்ணெயோ பல வகையில் பங்க் டீசலைவிடச் சுத்தமானது.

மூலம் கிரேக்கம்: ‘சின்’ என்றால் ஒன்றாக, ‘தெசிஸ்’ என்றால் வைத்தல். சிறு மூலக்கூறுகளைச் சேர்த்துப் பெரியதாக்குவதை நம் வேதியியல் நூல்கள் ‘தொகுப்பு’ என்கின்றன. ஆகவே ‘தொகுப்பு டீசல்’ என்பதே பொருந்தும். ‘டீசல்’ 1858இல் பிறந்த பொறியாளர் ருடால்ஃப் டீசலின் பெயர்; அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

தொகுக்கும் முறையை 1920களில் ஜெர்மனியின் முல்ஹைமில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் உருவாக்கினார்கள். நிலக்கரியையோ இயற்கை எரிவாயுவையோ கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாற்றி, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால் கார்பன் சங்கிலிகள் வளரும். தென்னாப்பிரிக்காவின் சசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்தும், கத்தாரின் பேர்ல் ஆலை எரிவாயுவிலிருந்தும் இப்படித் தயாரிக்கின்றன. தாவர எண்ணெயையும் கழிவுக் கொழுப்பையும் ஹைட்ரஜனேற்றிப் பெறும் எச்விஓவையும் இதே பெயரில் அழைப்பவர்கள் உண்டு. கறாராகப் பார்த்தால் அது தொகுப்பு அல்ல; ஆனால் கிடைப்பது அதே பாரஃபின் (கார்பன் சங்கிலிகளாலான) வகை என்பதால் இரண்டுக்கும் ஐரோப்பாவில் இஎன் 15940 என்ற ஒரே தரநிலைதான்.

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக்காரர்கள் இதைத் தேடுவதற்குக் காரணம் குளிர்காலம். படகு மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும். ஐரோப்பிய பங்க் டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் (எச்விஓ அல்ல, தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் வகை) கலந்திருக்கலாம். அது ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவுக் குளிரில் நீர் அரும்பி, வழிந்து, எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். படகுக்காரர்கள் ‘டீசல் பக்’ என்பது இதைத்தான். வசந்தத்தில் படகை எடுத்ததும் டேங்க் குலுங்கி, அடியில் படிந்த கரும்பழுப்பு வழும்பு கலங்கி மேலே வரும். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அதற்கு முன்பே டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த வழும்பு திட்டுத்திட்டாகத் தெரியும்.

தொகுப்பு டீசலில் பயோடீசல் இல்லை. கந்தகமும், கார்பன் வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்களும் இல்லையென்றே சொல்லலாம். காற்றுபட்டுக் கெடுவது மெதுவாகவே நடக்கும் என்பதால் ஒழுங்காகச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதற்காக நீரை மறந்துவிடக் கூடாது. பூஞ்சைக்குப் பாரஃபினும் உணவுதான். டேங்கை நிரப்பி வைப்பதும் அடிநீரை வடிப்பதும் எந்த டீசலுக்கும் கட்டாயம். பழைய எஞ்சின்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரோமாட்டிக் சேர்மங்களில் ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல்கள், அவை இல்லாத எண்ணெய்க்கு மாறியதும் சுருங்கிக் கசியலாம். மாற்றிய முதல் சில வாரங்கள் எஞ்சினின் எரிபொருள் பம்ப்பின் அடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.